ஆறு எக்ஸ்எல் வரைக்கும் அதே விலை

என் ராஜினாமாக் கடிதம் எங்கள் ஜி.எம். இளங்குமரனின் மேசை இழுப்பறையில் கிடந்தது. "பத்தாம் தேதி வரைக்கும் மேல அனுப்ப மாட்டேனுங்க கிருத்திகா. அதுக்குள்ள கிறுக்குத் தெளிஞ்சுதுன்னா வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார். பதினான்கு வருஷமாக அவரிடம் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் கேட்ட டீ-சர்ட்டை, கேட்ட நிறத்தில், கேட்ட அளவில், கேட்ட தேதிக்குக் கப்பலேற்றுவது என் வேலை. ஒரு கப்பலைக்கூடத் தவறவிட்டதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துக் கிறுக்கு என்றால் வயிறு எரியாதா?

கடை வைக்கப் பணம் கிடைத்தால் அந்தக் கடிதம் மேலே போகும். கிடைக்காவிட்டால் நானே போய் இழுப்பறையைத் திறந்து, அந்தச் சிரிப்பை இன்னொரு முறை வாங்கிக்கொண்டு, காலமெல்லாம் அடுத்தவன் டீ-சர்ட்டைக் கப்பலேற்ற வேண்டும். பத்தாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

என் கடை யோசனையில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. என் கணவர் முருகேஷ் ஆறடி உயரம், நூற்று இருபது கிலோ. பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். அவருக்கு ஒரு டீ-சர்ட் வாங்கத் திருப்பூர்க் காதர்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம். கடைக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம், "உங்க சைஸ் வராதுங்களே" என்பார். உலகத்துக்கே உடுப்புத் தைக்கிற ஊரில் என் வீட்டுக்காரருக்கு உடுப்பு இல்லை. எங்காவது ஒன்று கிடைத்தாலும் நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள், குண்டாக இருப்பதற்கு அபராதம் போல. இவர் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவார். எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

ஆகவே என் கடையில் எஸ் முதல் ஆறு எக்ஸ்எல் வரை எல்லா அளவும் இருக்கும். ஒரே துணி, ஒரே நிறங்கள், ஒரே விலை. பெரிய ஆட்களுக்கென்று மூலையில் தனி அலமாரி கிடையாது. இடமும் பார்த்து வைத்துவிட்டேன். முன்பணம், அலமாரி, முதல் சரக்கு எல்லாம் சேர்த்துப் பதினெட்டு லட்சம் வேண்டும்.

முதலில் வங்கிக்குப் போனேன். மேலாளர் என் திட்ட அறிக்கையை மரியாதையாகப் புரட்டினார். "நல்லா இருக்குதுங்க. அடமானத்துக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்றார். அடமானம் வைக்க ஏதாவது இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அடுத்து, புதுத் தொழில்களில் பணம் போடுகிறவர்கள் கூட்டம் ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது. ஐந்து நிமிஷம் பேச விட்டார்கள். என் பையன் வயசுக்குக் கொஞ்சம் மூத்த ஒருவன், "ஆப் எங்க மேடம்?" என்றான். ஆப் இல்லை, கடை என்றேன். "கடைன்னா நெஜமான கடையா?" என்று கேட்டு அதிர்ச்சியாகப் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். காபி மட்டும் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் லிங்கசாமியின் ஞாபகம் வந்தது.

லிங்கசாமிக்கு அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கணியூர்ப் பக்கம் தோட்டம், திருப்பூரில் நானூறு தையல் மெஷின். கம்பெனிக்குத் தன் ஒரே மகள் பெயரை வைத்திருந்தார். கேட்டில் ஆள் உயர எழுத்தில் அனுப்பிரியா என்று இருக்கும். எங்கள் கம்பெனிக்காக அவர் ஒருமுறை தைத்துக் கொடுத்த நாலாயிரம் பீஸில் கைக்குழி அரை அங்குலம் குறைந்திருந்தது. நாலாயிரத்தையும் திருப்பி அனுப்பினேன். அன்றைக்குப் போனில் அவர் என்னைப் பேசிய பேச்சை எழுத முடியாது. ஆனால் பிரித்துத் தைத்துச் சரியாக அனுப்பினார். அவரிடம்தான் போய் உட்கார்ந்தேன்.

"அட, என்ற நாலாயிரம் பீசைத் திருப்பியனுப்பிச்ச புள்ளையா! வா கண்ணு, உக்காரு" என்றார். நான் சொல்லச் சொல்ல, கொண்டுபோயிருந்த சாம்பிள் டீ-சர்ட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். திருப்பூர்க்காரர்கள் காதால் கேட்பதைவிட விரலால் கேட்பது அதிகம். முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறு எக்ஸ்எல்லுக்கு எஸ் சைசை விட ரெண்டு மடங்கு துணி போகுமே. அப்புறமென்ன அதே விலை?"

"சராசரி போட்டுத்தானுங்க விலை வெச்சிருக்கேன். முன்னூத்தி நாப்பது. எல்லாத்துக்கும்."

"பெருசுக்கு நூறு ரூவா சேத்துப் போடு. வேணுங்கறவன் குடுத்துத்தான் ஆவான். நான் பணம் போடறேன்."

"மாட்டேனுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே பயமாக இருந்தது. பதினெட்டு லட்சத்தை எடுத்து நீட்டிய கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். ஆனால் அந்த நூறு ரூபாயை வாங்கினால் அப்புறம் என் கடைக்கும் மற்ற கடைகளுக்கும் என்ன வித்தியாசம்? அவர் டீ-சர்ட்டை மேசைமேல் வைத்தார்.

"சரி, வாய்ல சொன்னா நான் நம்ப மாட்டேன். காதர்பேட்டைகிட்ட நம்ம குடோன் முன்னாடி எடமிருக்குது. ஏழாந்தேதி ஞாயித்துக்கெழம. முன்னூறு பீஸ் கொண்டா. பொழுதுக்குள்ள இருநூத்தம்பது வித்துட்டீன்னா, உன்ற விலைக்கே பணம் போடறேன். விக்கலீன்னா நூறு ரூவாயும் இல்ல, பணமும் இல்ல. சரியா?"

சரி என்றேன். என் சேமிப்பையெல்லாம் வழித்துத் துணி எடுத்தேன். எங்களுக்குத் தெரிந்த கட்டிங் மாஸ்டர் நல்லான், "ரேஷியோ என்ன போடலாங்கக்கா?" என்று போனில் கேட்டார். எந்த அளவில் எத்தனை பீஸ் வெட்டுவது என்ற கணக்குக்குத்தான் ரேஷியோ என்று பெயர். பதினான்கு வருஷமாக நான் தினமும் சொல்வது அது. மூச்சு விடுவது மாதிரி சொன்னேன். எஸ் முப்பது, எம் எழுபது, எல் எழுபது, எக்ஸ்எல் அறுபது, அதற்கு மேலே குறைத்துக் குறைத்து, ஐந்து எக்ஸ்எல் ஆறு, ஆறு எக்ஸ்எல் நாலு. சொல்லிவிட்டுப் போனை வைத்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

என் மடத்தனத்தை யாரிடம் சொல்லி அழ? பெரிய உடம்புக்காரர்களுக்காகக் கடை திறக்கப் போகிறவள், ஏற்றுமதிக் கம்பெனி புத்தியிலேயே ரேஷியோ போட்டிருக்கிறேன்.

அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் உறைத்தது. 'எஸ் முதல் ஆறு எக்ஸ்எல் வரைக்கும் அதே விலை' என்று முருகேஷ் பெரிய பேனர் அடித்துக் கட்டியிருந்தார். ஏழு மணியிலிருந்தே ஆட்கள். உடுமலையிலிருந்து சரக்கெடுக்க வந்த ஒருவர் தனக்கு மூன்று வாங்கினார். ஒரு ஒடிசாப் பையன் கைகளை அகல விரித்துக் காட்டி, "அக்கா, அப்பா மோட்டா, ரொம்ப மோட்டா. இருக்கா?" என்றான். ஊருக்கு அனுப்ப இரண்டு எடுத்தான். ஒரு போலீஸ்காரர் யூனிஃபார்மோடு வந்து, பேனரை இரண்டு தடவை படித்துவிட்டு, நாலு எக்ஸ்எல் ஒன்றைச் சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்த்துச் சிரித்தார். பதினோரு மணிக்கு எக்ஸ்எல்லும் அதற்கு மேலேயும் ஒன்றுகூட இல்லை. நூற்று முப்பது பீஸ் போய்விட்டது. பின்னால் எம்மும் எல்லும் குவியல் குவியலாகக் கிடந்தன. அவற்றை யார் தொடுவார்கள்? சுற்றி இருக்கும் ஐந்நூறு கடையிலும் அந்த அளவுதான் இருக்கிறது, அதுவும் என்னைவிடக் குறைந்த விலையில்.

ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். "தீந்து போச்சுங்களா?" என்று கேட்டு, பேனரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்கு அழுகை முட்டியது.

முருகேஷ் என் காதருகே வந்து, "சும்மா அனுப்பாத. எழுதிக்க" என்றார். "உங்க கம்பெனில ஒரு பட்டன் கொறஞ்சாலே அதுக்கொரு ரிப்போர்ட் எழுதுவீங்கல்ல?"

அழுகை நின்றுவிட்டது. பையிலிருந்த கோடு போட்ட நோட்டை எடுத்தேன். கட்டம் போட்டேன். மார்பளவு, தோள், நீளம், என்ன நிறம், எத்தனை பீஸ், போன் நம்பர். பெயர் கேட்கவில்லை. உடம்பளவு சொல்கிறவர்களுக்குப் பெயரும் சொல்லச் சங்கடமாக இருக்கும். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஆணுக்கு முருகேஷ் அளவெடுத்தார், பெண்களை நான் குடோனுக்குள்ளே அழைத்துப்போய் எடுத்தேன். இரண்டு வாரத்தில் போன் வரும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பணம் கொடுக்க வந்தவர்களிடம் வாங்கவில்லை. வெறும் பேச்சுக்கு முன்பணம் வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

மத்தியானம் வெயில் ஏறிக் கூட்டம் குறைந்தபோது, எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இறங்கி வந்தாள். அரை மணி நேரமாக அங்கேயே இருந்ததைப் பார்த்திருந்தேன். முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். டெய்லர் தைத்த கறுப்பு டாப், முழங்கை வரை கறுப்பு.

"கடைசி சைசெல்லாம் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது கண்ணு. உள்ள வா, அளவெடுத்துக்கறேன்."

குடோனுக்குள் வந்ததும் துப்பட்டாவை எடுத்தாள். நல்ல களையான முகம். டேப்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"மூச்ச விடு கண்ணு. ஏமாத்துனா டேப்புக்கு நஷ்டமில்ல, உனக்குத்தான் டைட்டா வரும்" என்றேன்.

சிரித்துவிட்டாள். ஐம்பத்து நாலு அங்குலம். ஐந்து எக்ஸ்எல்.

"டீ-சர்ட்டுன்னு ஒண்ணு நான் போட்டதே இல்லீங்க்கா. எங்களுக்கு..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். "எச்சா எவ்வளவு ஆகும்?"

"எச்சா ஒண்ணுமில்ல. பேனர்ல போட்டிருக்குதுல்ல? அதே விலை."

"நெஜமாலுங்களா?"

"நெஜமாத்தான். என்ன கலர் எழுதிக்கட்டும்? கறுப்பா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "மஞ்சள்" என்றாள். "ரெண்டும் மஞ்சளே எழுதுங்க்கா." நம்பரைச் சொல்லிவிட்டு, மறுபடி முகத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்கு லிங்கசாமி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. குவியலில் கிடந்த பீஸை அவரே எண்ணினார். நூற்று இருபத்தொன்பது மிச்சம். அதாவது விற்றது நூற்று எழுபத்தொன்று.

"இருநூத்தம்பதுன்னுதான பேச்சு?"

"ஆமாங்க. தோத்துட்டேன்" என்றேன். சப்பைக்கட்டுக் கட்ட எனக்கு மனசில்லை. "ரேஷியோ தப்பாப் போட்டுட்டேனுங்க. எக்ஸ்போர்ட் ரேஷியோ. பெரிய சைசெல்லாம் பதினோரு மணிக்கே காலி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ற அரை இஞ்சைக் கண்டுபுடிச்ச புள்ள, உன்ற ரேஷியோவக் கோட்ட உட்டுட்டியே கண்ணு!" அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "இதையத்தான் அன்னைக்கே சொன்னேன். பெருசுக்கு நூறு ரூவா சேத்திருந்தீன்னா அந்த நூத்தி முப்பதுலயே பதிமூணாயிரம் மேல வந்திருக்கும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நூறு ரூவா சேத்துக்கறதா இருந்தாச் சொல்லு, நாளைக்கே பணம்."

முருகேஷ் என்னைப் பார்த்தார். பத்தாம் தேதிக்கு மூன்று நாள்தான். இழுப்பறை என் கண்ணுக்குத் தெரிந்தது, இளங்குமரனின் பல்லும் தெரிந்தது.

"மாட்டேனுங்க சார்" என்றேன். "பேச்சுப்படி நான் தோத்தேன். பணம் வேண்டாம். ஆனா இத ஒருக்காப் பாத்துட்டுப் போங்க." நோட்டை அவரிடம் நீட்டினேன். "சரக்கு இல்லாமத் திரும்பிப் போனவங்க. இருநூத்திப் பன்னெண்டு பேரு."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முதலில் வேகமாக, அப்புறம் நிதானமாக. "மார்பு நாப்பத்தெட்டு... அம்பது... அம்பது... அடேயப்பா, ஒருத்தரு ஏழு பீஸ் கேட்டிருக்காரு" என்று வாய்க்குள் படித்தார். தொழில்காரர் கண் அது. எண்ணைப் பார்த்தாலே அதற்குள் எத்தனை கிலோ துணி என்று தெரியும். ஐந்தாவது பக்கத்தில் விரல் நின்றது. அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

"இந்தப் புள்ள எத்தன மணிக்கு வந்துச்சு?"

எட்டிப் பார்த்தேன். ஐம்பத்து நாலு. மஞ்சள். இரண்டு. "மத்தியானமுங்க. ரெண்டு மணி இருக்கும்."

"ஸ்கூட்டர்லயா?"

"ஆமாங்க. தெரிஞ்சவங்களா?"

"எங்க ஊட்டு நம்பரு எல்லாமே ரெட்டைப் பதினெட்டுல முடியற மாதிரி வாங்குனேன்" என்று நம்பரின் கடைசி எண்களைத் தொட்டுக் காட்டினார். "என்ற நம்பரு, அவங்கம்மா நம்பரு, இது." நோட்டை மடியில் வைத்தார். "என்ற பொண்ணுதான்."

அவர் கம்பெனி வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்த பெயர் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பெயர் போட்ட அட்டைப்பெட்டியில் மாசம் மூன்று லட்சம் டீ-சர்ட் வெளியே போகிறது. சொல்ல வந்து அவள் விழுங்கிக்கொண்டது என்னவென்றும் புரிந்தது.

"மஞ்சளா சொன்னா?" என்றார். "கறுப்புன்னு சொல்லியிருப்பா. நீ மாத்தி எழுதிட்டியா?"

"இல்லீங்க. நான்தான் கறுப்பான்னு கேட்டேன். மஞ்சள்னுதான் சொன்னாங்க. ரெண்டும்."

"நாங்க கறுப்பைத் தவுர வேற எடுத்துக் குடுத்ததில்ல" என்றார். "கறுப்புல ஒல்லியாத் தெரியுமாம். அவங்கம்மா சொல்லுவா. நானுந்தான் சொன்னேன்." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று வைத்துக்கொண்டோம்.

"பணம் போடறேன் கண்ணு. பதினெட்டு. நீ சொன்னபடியே."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் என் குணம் என்னை விடாது. "பொண்ணு நெனப்புல போடறதா இருந்தா வேண்டாங்க சார். எரக்கத்துல வர்ற பணத்துல கட நடத்த முடியாது. நாளைக்கு மனசு மாறுச்சுன்னா கடையும் போயிரும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டைப் பட்டென்று மூடினார். "எரக்கமா? என்னைய என்னன்னு நெனச்ச? காதர்பேட்டைல ஒரே பகல்ல இருநூத்திப் பன்னெண்டு பேரு கைல காசோட நின்னுருக்கான், விக்க ஆளில்ல! முப்பது வருசமா இதே ஊருல யாவாரம் பண்றேன். என்ற கண்ணுக்கு இது தெரியல. என்ற ஊட்டுக்குள்ள இருந்தும் தெரியல. எரக்கமாம் எரக்கம். எனக்கு நாப்பது பர்சன்ட் பங்கு."

"இருபத்தஞ்சுங்க."

"முப்பத்தஞ்சு."

"முப்பது. வெலையில நீங்க தலையிடக்கூடாது. ரேஷியோவ இந்த நோட்டைப் பாத்து நான்தான் போடுவேன்."

"முப்பது" என்று கையை நீட்டினார். விரலெல்லாம் மசி.

அவர் முன்னாலேயே போனை எடுத்து இளங்குமரனுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'சார், கடிதத்தை மேலே அனுப்பிடுங்க.' உடனே பதில் வந்தது, ஒரு கேள்விக்குறி மட்டும். போனைப் பைக்குள் போட்டேன். முருகேஷ் அந்தப் பக்கம் திரும்பிப் பேனரை அவிழ்க்கிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தார்.

லிங்கசாமி எழுந்து நாலடி போனவர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார். "அந்த மஞ்சள் ரெண்டையும் மொதல்ல வெட்டச் சொல்லு. நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

நான் வாங்கவில்லை. "வேண்டாங்க சார். அவங்க யாருக்கும் தெரியாம வந்து, எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. நான் போன் பண்ணிக்கறேன். அவங்களே வந்து வாங்கிக்கட்டும்."

அவர் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டையும் நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"நான் பாத்தேன்னு அவகிட்டச் சொல்லீராத."

"சொல்ல மாட்டேனுங்க."

காரை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தவர் ஏறவில்லை. கழற்றிக் கீழே கிடந்த பேனரைப் பார்த்தார்.

"கண்ணு, அவ வந்தா அவகிட்ட எவ்வளவு வாங்குவ?"

"முன்னூத்தி நாப்பதுங்க" என்றேன். "அதே விலை."

"ஆமா" என்றார். "அதே விலையே வாங்கு."